மரத்தை வெட்டாதீங்க, பேனலை வெயிலுக்குக் கொண்டு போங்க

"நிழல் விழுதா? மரத்தை எடுத்துடுங்க." எங்க மலையடிவாரத்தில் யார் சோலார் போடப் போனாலும் கடைக்காரங்க சொல்ற முதல் வைத்தியம் இதுதான். ஐம்பது வருஷப் புளியமரம் அது. வருஷா வருஷம் புளி கொடுக்கும். சித்திரை வெயில்ல ஓட்டு வீட்டைக் குளிர வச்சிருக்கும். மூணு பேனலுக்காக அதைச் சாய்க்கணுமாம்.

வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி மேட்டாங்காட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்குது. பேனலை அங்கே நட்டால் என்னன்னு கேட்டா, அடுத்த பதிலும் தயார்: "அவ்வளவு தூரம் கரண்டு வராதுங்க." வரும். அவங்க மாட்டுற விதத்தில் மாட்டினால்தான் சரியா வராது.

கணக்குப் பார்த்துடலாம். 330 வாட் பேனல் மூணு. ஒவ்வொன்றும் நல்ல வெயிலில் சுமார் 38 வோல்ட், 8.7 ஆம்பியர் கொடுக்கும். கடைக்காரர் மூன்றையும் பேரலலாக இணைப்பார். 38 வோல்ட், 26 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக 100, வர 100 என்று 200 மீட்டர். அந்தக் கம்பியின் மின்தடை 0.58 ஓம். 26 ஆம்பியர் அதில் ஓடினால் 15 வோல்ட் கம்பியிலேயே செத்துப்போகும். வீட்டுக்கு வருவது 23 வோல்ட். 24 வோல்ட் பேட்டரி ஏற 28 வோல்ட்டாவது வேணும். முழு கரண்டில் ஏறுமா? ஏறாது. உடனே "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

அதே பேனல், அதே கம்பி. இப்போ மூன்றையும் சீரிஸில் மாட்டுங்க. 114 வோல்ட், 8.7 ஆம்பியர். கம்பியில் போவது 5 வோல்ட்தான், நூற்றுக்கு நாலரை. மீதியை வீட்டில் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கிற எம்பிபிடி கண்ட்ரோலர் வாங்கி, வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டி ஏற்றிவிடும். வோல்ட்டை மூணு மடங்கு ஆக்கினால் நஷ்டம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும்.

"எம்பிபிடி விலை அதிகம்" என்பார்கள். பேரலலிலேயே வைத்துக்கொண்டு நஷ்டத்தை இந்த அளவுக்குக் குறைக்கணும்னா ஒன்பது மடங்கு தடிமனான கம்பி வேணும். 11 கிலோ செம்பு போதுமான இடத்தில் 97 கிலோ செம்பு. எது அதிகம்?

இது புது வித்தையும் இல்லை. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் 800 கிலோவோல்ட் டிசியில் 6,000 மெகாவாட் கொண்டுவரக் கட்டின லைன் இருக்கு. தூரம் கூடினால் வோல்ட்டைக் கூட்டு, அவ்வளவுதான் சூத்திரம். 1,700 கிலோமீட்டருக்குத் தெரிஞ்ச விஷயம் 100 மீட்டருக்குத் தெரியலைன்னா, அது விற்கிறவங்க சோம்பேறித்தனம்.

திட்டம் போடுகிறவர்கள் மேலேயும் எனக்குக் கோபம் உண்டு. 2011-ல் வந்த பசுமை வீடு திட்டமானாலும், 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டமானாலும், மனசில் இருப்பது வெயில் படுகிற கூரை. சூர்ய கரில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லது. ஆனால் அது ஈபி லைனோடு சேர்ந்து ஓடுவது. லைனில் வேலை செய்கிற ஆள் மேல் ஷாக் அடிக்கக் கூடாதுன்னு, லைன் போனால் அதுவும் நின்றுவிடும். காற்றடிச்சு மரம் விழுந்து கரண்டு போகிற கல்வராயன்மலை ஊர்களில், இருட்டில் வேண்டியது பேட்டரி. அங்கே மலையாளி பழங்குடி மக்களின் வீடுகள் பல அவரவர் காட்டில், மரத்தடியில், தனித்தனியா இருக்கு. கூரையைக் கேட்கிற திட்டம் அவங்களுக்கு எப்படி எட்டும்? மானியக் கணக்கில் கம்பத்துக்கும் கம்பிக்கும் ஒரு வரி ஒதுக்கணும். அதுதான் என் கோரிக்கை.

சென்னை, கோவையிலிருந்து மலைக்குச் சோலார் நன்கொடை கொடுக்க வருகிற நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. பெட்டியை இறக்கிவிட்டு போட்டோ எடுத்துப் போகாதீங்க. முதலில் வெயில் எங்கே விழுதுன்னு பாருங்க, அங்கிருந்து வீட்டுக்கு டேப் பிடிங்க. பிறகு இதையெல்லாம் கடைக்காரரிடம் கேளுங்க:

கண்ட்ரோலர் எத்தனை வோல்ட் தாங்கும்? 150 வோல்ட் தாங்குவது என்றால் இந்த மாதிரிப் பேனல் மூணுதான் சீரிஸில் போகலாம். லோடு இல்லாதபோது ஒரு பேனல் 46 வோல்ட் காட்டும். மார்கழிக் குளிரில் அது இன்னும் ஏறும். நாலாவதைச் சேர்த்தால் கண்ட்ரோலர் போச்சு.

பிரேக்கர் டிசிக்கு உரியதா? வீட்டு ஏசி சுவிட்சை டிசியில் போட்டால் பொறி அணையாது, தீப்பிடிக்கும்.

எர்த் எங்கே? மேட்டில் நிற்கிற இரும்புக் கம்பம் இடியைக் கூப்பிடும். எர்த்தோடு, கம்பியின் இரண்டு முனையிலும் சர்ஜ் பாதுகாப்பு வேணும். கம்பியைக் குழாயில் போட்டு, கலப்பை படாத ஆழத்தில் புதைக்கணும்.

இதுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் கோடாலியைக் காட்டுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீங்க. வேற கடை பாருங்க.