இசைக்குச் சாதியில்லையாம்!

"இசைக்குச் சாதியில்லை, வாத்தியம் முழங்குமிடத்தில் பேதங்கள் தாமே ஒழியும்" என்று மேடைதோறும் பேசக் கேட்கிறோம். செவிக்கு இனிய கூற்றுத்தான். ஆனால் உண்மையா? அமெரிக்க நாட்டின் ஜாஸ் நடன வாத்தியக் குழுக்களின் சரித்திரம் அறிந்தோர் இதனை ஒப்பார் என்பதே நம் துணிபு.

நியூயார்க் நகரில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியிலே காட்டன் கிளப் என்றொரு களியாட்டச் சாலை இருந்தது. டியூக் எல்லிங்டனின் குழு 1927 முதல் 1931 வரை அங்கே வாசித்துப் பெரும்புகழ் எய்தியது. ஆடினோரும் வாசித்தோரும் கறுப்பர். அமர்ந்து குடித்துக் களித்தோர் வெள்ளையர். எல்லிங்டனின் சொந்த இனத்தார் அவர் வாசிப்பைக் கேட்க உள்ளே நுழைதல் கூடாது என்பதே அங்கு விதி. இசைக்குச் சாதி இல்லாதிருக்கலாம், வாசற்படிக்கு இருந்ததே!

இன்னொருவரைக் காண்போம். 1897ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்த பிளெட்சர் ஹெண்டர்சன், கல்லூரியில் இரசாயனம் பயின்றவர். 1920ஆம் ஆண்டில் நியூயார்க் வந்தவர் பியானோ வாசித்துப் பிழைக்கலானார். 1924 முதல் வெள்ளையர் ஆடும் ரோஸ்லேண்ட் நடனசாலையில் அவர் குழு வாசித்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் அதில் ஓராண்டுக் காலம் டிரம்பெட் ஊதினார். சாக்சபோன் அணி வினவ, டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்த அணி விடையிறுக்க, இடையே ஒருவர் எழுந்து தம் கற்பனையை வாசிக்கும் முறையை டான் ரெட்மனும் ஹெண்டர்சனும் அக்குழுவில் வளர்த்தனர். ஸ்விங் எனப் பின்னர் உலகம் ஆடிய இசைக்கு அதுவே அடித்தளம்.

பயன் யாது? 1934இல் பணமுடையால் அக்குழு கலைந்தது. ஹெண்டர்சன் தம் இசையமைப்புகளை வெள்ளையரான பென்னி குட்மனுக்கு விற்றார். குட்மன் குழு அவற்றுட் பலவற்றை வானொலியில் வாசித்தது. 1935 ஆகஸ்டு 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் பலோமர் நடனசாலையில் அவற்றை வாசித்தபோது இளைஞர் கூட்டம் ஆர்ப்பரித்தது. "ஸ்விங் மன்னர்" என்ற பட்டம் குட்மனுக்கு வந்தது. தோட்டத்துக் கிராணியாய்ப் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இக்கணக்கு விளங்கவில்லை; உழைப்பு ஒருவர் பெயரில், வரவு வேறொருவர் பெயரிலா?

குட்மனை நாம் பழிக்கவில்லை. ஹெண்டர்சனின் திறமையை அவர் மறைத்தாரல்லர். 1936இல் டெடி வில்சன், லயோனல் ஹாம்ப்டன் என்னும் கறுப்பினக் கலைஞரைத் தம்முடன் மேடையேற்றினார், அத்துணிவைப் போற்றுகிறோம். ஆனால் தடையைத் தகர்த்தது கிளாரினெட்டின் இனிமையா? ஒரு மனிதன் செய்த தீர்மானமன்றோ!

இசையே தகர்க்குமெனில், 1938இல் ஆர்ட்டி ஷா குழுவில் பாடிய பில்லி ஹாலிடேயை நியூயார்க் ஹோட்டலொன்று சரக்கு லிப்ட்டில் ஏறச் சொல்வானேன்? குரலுக்குக் கரகோஷம், குரலுக்குரியவளுக்கு மூட்டை ஏற்றும் வழி! சிக்காகோவில் ஒரே தொழில் புரிந்த வாத்தியக்காரருக்கு நிறத்தால் பிரிந்த இரு சங்கங்கள் 1966 வரை நீடிப்பானேன்?

மாறாக, ஹார்லத்தில் 1926இல் திறந்த சவாய் நடனசாலையில் இரு நிறத்தாரும் ஒரே தளத்தில் ஆடினர். 1937 மே 11ஆம் நாள் அங்கே நடந்த போட்டியில் சிக் வெப்பின் குழு குட்மன் குழுவை வென்றது. காட்டன் கிளப்பில் ஒலித்ததும் ஜாஸ்; சவாயில் ஒலித்ததும் ஜாஸ். வேறுபட்டது, வாசலில் நின்றவர் வைத்த விதியே.

அன்பர்களே! தாளத்தைத் தலையில் வைத்துப் போற்றி, கொட்டியவனைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தும் வழக்கம் நமக்கும் புதிதன்று. ஆதலின், இசைக்குச் சாதியில்லை என்று இனி எவரேனும் முழங்கினால் ஒன்று கேளுங்கள்: "வாசித்தவருக்கு விருந்தில் எந்தப் பந்தியில் இலை போட்டீர்கள்?"