ராஜினாமா ஏற்கப்பட்டது, ஊர் ஏற்கவில்லை!

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஊர் டார்பி. ரெயில் வண்டிகளும் ஆகாய விமான என்ஜின்களும் செய்யும் தொழிலாளிகளின் ஊர் அது. அங்கே ஒரு பழைய கால்பந்து மைதானம் இருந்தது. அதற்கு "பேஸ்பால் கிரவுண்ட்" என்று பெயர். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் முதலாளி அங்கே பேஸ்பால் ஆட்டத்தைப் பழக்கிப் பார்த்தார். ஆட்டம் போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது.

1973-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, சனிக்கிழமை. டார்பி கவுண்டி கோஷ்டிக்கும் லெஸ்டர் சிட்டி கோஷ்டிக்கும் அந்த மைதானத்தில் ஆட்டம். திடீரென்று ஜனங்களின் பார்வை ஆடுகளத்தை விட்டு மேல் வரிசையை நோக்கித் திரும்பியது. அங்கே ஒருவர் எழுந்து நின்று இரு கைகளையும் உயர்த்தினார். மைதானமே ஆர்ப்பரித்தது. சிறிது நேரத்தில், ஆட்டம் முடிவதற்குக் காத்திராமல், அவர் வெளியே போய்விட்டார்.

அவர் பெயர் பிரையன் கிளஃப். ஐந்து நாட்களுக்கு முன்பு வரை அவர்தான் அந்தக் கோஷ்டியின் மானேஜர். ஆட்டப் பருவம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். டைரக்டர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஊர் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவர் செய்தது என்ன?

அந்தக் காலத்து இங்கிலாந்தில் கால்பந்து மானேஜர் என்றால் கணக்கு எழுதும் உத்தியோகஸ்தர் அல்ல. யார் ஆடுவது, எந்த இடத்தில் ஆடுவது, யாரை விலைக்கு வாங்குவது, யாரை விற்பது என்பதை எல்லாம் முடிவு செய்பவர் அவர்தான். கோஷ்டி ஜெயித்தால் மாலை அவருக்கு. தோற்றால் வசையும் அவருக்கே.

கிளஃப் இளமையில் பெரிய ஆட்டக்காரர். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் போட்டவர். 1962-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் நடந்த ஆட்டத்தில் முழங்காலில் பலத்த அடி பட்டது. அதோடு ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. பிறகு மானேஜர் வேலைக்கு வந்தார். 1967-ல் டார்பிக்கு வந்தபோது அவருக்கு வயது 32. அவருடன் உதவியாளராக வந்தவர் பீட்டர் டெய்லர். ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் டெய்லர் கெட்டிக்காரர். அவர்களை வேலை வாங்குவதில் கிளஃப் சூரர்.

அப்போது டார்பி, இரண்டாவது டிவிஷனில் கிடந்த கோஷ்டி. முதல் வருஷம் 18-வது இடம்தான் கிடைத்தது. ஆனால் 1969-ல் இரண்டாவது டிவிஷனில் முதலிடம் பெற்று மேலே ஏறியது. அதே ஆண்டு செப்டம்பரில் டாட்டன்ஹாம் கோஷ்டியை 5-0 என்று தோற்கடித்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 41,826 பேர். பேஸ்பால் கிரவுண்டின் சரித்திரத்தில் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

1971 பிப்ரவரியில் அந்த ஊருக்கு ஒரு பேரிடி விழுந்தது. ஊரில் ஏராளமான குடும்பங்கள் நம்பியிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி திவாலானது. சர்க்கார் தலையிட்டு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, 1972-ல், டார்பி கவுண்டி இங்கிலாந்தின் சாம்பியன் ஆயிற்று. 1884-ல் சங்கம் தோன்றிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. வேலை என்னாகுமோ என்று கலங்கிப் போயிருந்த ஊருக்கு அந்த வெற்றி எப்படி இனித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? கிளஃபிடம் ஜனங்கள் வைத்திருந்த அன்பு வெறும் ஆட்டத்தால் வந்தது அல்ல. தலை குனிந்திருந்த நேரத்தில் தலை நிமிர வைத்தவர் என்ற நன்றியால் வந்தது.

வாயால் வந்த வினை

கிளஃபுக்கு நாக்கு நீளம். டெலிவிஷனில் பேசுவார், பத்திரிகைகளில் எழுதுவார். யாரையும் விட்டு வைக்கமாட்டார். 1973-ல் ஐரோப்பியக் கோப்பை அரை இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் ஜுவென்டஸ் கோஷ்டியிடம் டார்பி தோற்றது. அப்போது அவர் இத்தாலியர்களைத் தாறுமாறாகச் சாடினார்.

சங்கத்தின் தலைவர் சாம் லாங்சன், லாரித் தொழில் நடத்தி முன்னுக்கு வந்த முதியவர். ஆரம்பத்தில் கிளஃபைப் பெற்ற பிள்ளையைப் போல் நடத்தியவர். அவருக்கும் பொறுமை போயிற்று. டெலிவிஷன் பேச்சையும் பத்திரிகை எழுத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று டைரக்டர்கள் சொன்னார்கள். முடியாது என்றார் கிளஃப்.

அக்டோபர் 13-ந் தேதி மான்செஸ்டர் யுனைடெட் கோஷ்டியை அதன் சொந்த மைதானத்திலேயே டார்பி 1-0 என்று ஜெயித்தது. 15-ந் தேதி கிளஃபும் டெய்லரும் ராஜினாமா செய்தார்கள். ஜெயித்த சூட்டில் மானேஜர் விலகுவது அபூர்வம். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஊரின் கோபத்துக்குப் பயந்து டைரக்டர்கள் இறங்கி வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு தப்பிவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. டார்பியை விட்டு விலகியது தவறு என்று பின்னாளில் கிளஃபே ஒப்புக்கொண்டார்.

கொதித்து எழுந்தார்கள்

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கண்டன இயக்கம் ஒன்று தொடங்கினார்கள். கூட்டம் போட்டார்கள், கோஷம் எழுப்பினார்கள். "கிளஃபைத் திரும்பக் கொண்டு வா" என்ற வாசகங்கள் ஊரெங்கும் தோன்றின. மைதானத்தைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஆட்டக்காரர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். தங்கள் மானேஜரைத் திரும்பவும் நியமிக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு டைரக்டர்களுக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

டைரக்டர்கள் அசையவில்லை. அக்டோபர் 23-ந் தேதி புதிய மானேஜரை நியமித்தார்கள். அவர் பெயர் டேவ் மெக்கே.

இந்த மெக்கே யார்? வேற்று ஆள் அல்ல. 1968-ல் கிளஃபே நேரில் போய்ப் பேசி டார்பிக்கு அழைத்து வந்த ஆட்டக்காரர். 1969-ல் கோஷ்டி மேலே ஏறியபோது அதன் காப்டன். கால் எலும்பு இரண்டு தடவை முறிந்தும் மனம் முறியாமல் ஆடியவர் என்று நாடே போற்றிய வீரர். நேற்று வரை அவருக்குக் கை தட்டியவர்கள், இன்று அவரை இடம் பறித்தவரைப் போலப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சில வாரங்கள் வெற்றியும் கிட்டவில்லை. கூட்டத்தின் முணுமுணுப்பையும் ஆட்டக்காரர்களின் முகக் கோணலையும் அவர் ஒருங்கே தாங்க வேண்டியிருந்தது.

மெக்கே யாரையும் நீக்கவில்லை. காலியாக இருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். டைரக்டர்கள் மீது இருந்த கோபம் அவர் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு கோஷ்டிக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. 1975-ல் அதே மெக்கேயின் கீழ் டார்பி மறுபடியும் இங்கிலாந்தின் சாம்பியன் ஆயிற்று. வசை பாடிய வாய்கள் வாழ்த்தின.

1976 நவம்பரில், மற்றொரு பருவத்தின் நடுவிலே, மெக்கேயும் போக நேர்ந்தது. 1973-ல் வீசிய புயல் அப்போது வீசவில்லை. இருவரும் தலைக்கு ஒரு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்கள்தாம். ஆனால் முதலில் தூக்கி நிறுத்தியவரிடம் வைத்த அன்பு, பிறகு காத்து நின்றவருக்கு அதே அளவில் கிடைக்கவில்லை.

பக்கத்து ஊரில் பொழிந்த மழை

கிளஃப் என்ன ஆனார்? பிரைட்டனுக்குப் போனார். 1974-ல் லீட்ஸ் கோஷ்டிக்குப் போய் 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் சங்கத்தில் சேர்ந்தார். டார்பிக்குச் சுமார் 15 மைல் தொலைவில் உள்ள ஊர், பரம வைரி. 1977-ல் டார்பி அவரைத் திரும்ப அழைத்தது. அவர் வர மறுத்துவிட்டார்.

1978-ல் ஃபாரஸ்ட், இங்கிலாந்தின் சாம்பியன். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை அதற்கே. 1980 மே மாதம் ஃபாரஸ்ட் இரண்டாம் முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கிய அதே பருவத்தில்தான் டார்பி கவுண்டி முதல் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது. தன் வீட்டுக் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் நீர் பொங்குவதைப் பார்த்த நிலைதான் டார்பி ரசிகர்களுக்கு. அந்தக் கிணற்றைத் தூர்த்தவர்கள் அவர்கள் அல்ல என்பதுதான் வேதனை.

யாருடைய சங்கம்?

டைரக்டர்கள் செய்தது சட்டப்படி சரியே. ராஜினாமாவைக் கேட்டு வாங்கவில்லை, கொடுத்ததை ஏற்றார்கள். எந்தச் சங்கமும் ஒரு தனி மனிதரின் வாய்க்குக் கட்டுப்பட்டு நடக்க முடியாது. கூட்டத்தின் கூச்சலுக்கு ஏற்றபடி மானேஜரை வைப்பதும் எடுப்பதும் என்று ஆரம்பித்தால் எந்தக் கோஷ்டியும் உருப்படாது.

ஆனால் சங்கம் டைரக்டர்களுக்கு மட்டும் சொந்தமா? வாரக் கூலியில் மிச்சம் பிடித்து டிக்கெட் வாங்கி, மழையிலும் பனியிலும் நின்று பார்த்தவர்களுக்கு அதில் பங்கு கிடையாதா? முடிவு எடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம். காரணம் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் காரணத்தை நேரில் நின்று, மரியாதையாக, முழுமையாகச் சொல்வது நிர்வாகிகளின் கடமை. கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்தால், வெளியே நிற்பவன் கதவைத் தட்டத்தான் செய்வான்.

ரசிகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. போனவருக்காகக் கண்ணீர் விடலாம். கண்டனக் கூட்டம் போடலாம். ஆனால் வந்தவரைத் தண்டிக்கக் கூடாது. வந்தவர் தோற்க வேண்டும் என்று உள்ளூர விரும்புகிறவன், தன் கோஷ்டியே தோற்க வேண்டும் என்று விரும்புகிறான். டார்பி ரசிகர்கள் இதைத் தாமதமாகவாவது உணர்ந்தார்கள். இல்லாவிட்டால் 1975-ம் ஆண்டுச் சாம்பியன் பட்டத்தை மனமாரக் கொண்டாடியிருக்க முடியாது.

2004 செப்டம்பரில் கிளஃப் காலமானார். அடுத்த மாதம் அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. எங்கே? டார்பியின் புதிய மைதானமான பிரைட் பார்க்கில். வந்தவர்கள் 14,000 பேருக்கு மேல். டார்பி ரசிகர்களும் நாட்டிங்ஹாம் ரசிகர்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். 2005-ல் அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலைக்கே அவர் பெயரை வைத்தார்கள். 2010-ல் பிரைட் பார்க் மைதானத்துக்கு வெளியே கிளஃபுக்கும் டெய்லருக்கும் சேர்த்து வெண்கலச் சிலை வைத்தார்கள்.

1973-ல் ஊர் கேட்டது கிடைக்கவில்லை. கண்டன இயக்கம் தோற்றது. ஆனால் அன்று மேல் வரிசையை நோக்கிக் கை தட்டிய தகப்பன், பின்னாளில் தன் பிள்ளையை அந்தச் சிலைக்கு முன்னால் நிறுத்தி, "இவர்தான்" என்று காட்ட முடிந்தது. அந்த உரிமைக்கு எந்த டைரக்டரின் கையெழுத்தும் தேவைப்படவில்லை.