யார் ஆக்கிரமிப்பாளர்?

சாதியெல்லாம் கிராமத்தோடு சரி, பட்டணத்தில் எவன் சாதி பார்க்கிறான் என்று கேட்கிற அறிவுஜீவிகளுக்குச் சென்னையில் ஒரு தெருவைக் காட்ட வேண்டியிருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில், அடையாற்றின் வடகரையில் இருக்கிறது போட் கிளப் சாலை. சில அவென்யூக்கள், நிழல் மரங்கள், ஆளுயரத்துக்கும் மேலே மதில்கள், வாசலுக்கு வாசல் காவலாளி. தொழிலதிபர்கள் வாழும் இடம். மனை விலையைச் சொன்னால் நமக்குத் தலை சுற்றும்.

இந்த மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஜார்ஜ் மௌப்ரே என்கிற கம்பெனி அதிகாரி இந்தப் பக்கத்தில் தோட்டவீடு கட்டினான். இன்றைய டி.டி.கே. சாலைக்கு நெடுங்காலம் அவன் பெயர்தான். 1867இல் வெள்ளையர் துடுப்பு வலித்து விளையாட மெட்ராஸ் போட் கிளப் வந்தது. மௌப்ரேயின் வீடு பின்னால் அடையாறு கிளப் ஆனது. இந்தியனுக்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. சமைக்க, குதிரை பார்க்க, மலம் அள்ள மட்டும் இடம் இருந்தது. அந்த வேலையெல்லாம் செய்தவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? வெள்ளைக்காரன் போனான். தோட்டங்கள் மனைகளாகிக் கைமாறின. மதில் மட்டும் அப்படியே நிற்கிறது.

இதே ஆற்றின் கரையில்தான் குடிசைகளும் இருந்தன. ஆறு ஒன்று, பெயர் இரண்டு. மதிலுக்குள் இருந்தால் ‘ஆற்றங்கரை இல்லம்’. மதில் இல்லாவிட்டால் ‘ஆட்சேபகரமான புறம்போக்கு’. இந்தப் பெயர்களை வைப்பது யார்? சட்டம் பொதுவானது என்பார்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிச் சட்டப்படி அந்த ஆண்டே சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல் வளரவேயில்லை. நகரம் வளர்ந்தது, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் உறைந்துபோனது. பட்டியலில் இருந்தால் மேம்பாடு, இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு. ஒரு காகிதத்தை எழுதாமல் விட்டே லட்சக்கணக்கான சனங்களைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை நம் அதிகாரவர்க்கம் நிரூபித்துக் காட்டியது.

2015 டிசம்பர் வெள்ளம் குடிசைக்கும் வந்தது, போட் கிளப் பகுதிக்கும் வந்தது. தண்ணீருக்குச் சாதி இல்லை. வடிந்த பிறகு வந்த புல்டோசருக்கு இருந்தது. ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்தில். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளக்காட்டில் குடியேற்றுகிற விஞ்ஞானம் எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களோ!

என் சித்தி இப்படிக் கண்ணகி நகருக்குத் தூக்கியெறியப்பட்டவள். ஆற்றோரத்துப் பங்களா ஒன்றில் பாத்திரம் தேய்த்தாள். பின்வாசல் வழியாத்தான் போகணும், அதுக்குன்னு வச்ச டம்ளர்லதான் காப்பி. இருட்டோடு எழுந்து இரண்டு பஸ் மாறிப் போவாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021இல் அரசு சொன்னது; நல்லது. ரோட்டிலேயே கரைகிற மூணு மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம். பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று யார் கணக்கெடுத்தது?

விரட்டப்பட்டவர்களில் மீனவர் உண்டு, இசுலாமியர் உண்டு, பிழைக்க வந்த பிற ஏழைகளும் உண்டு. பெரும்பகுதி நாம்தான். கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். நகரத்தில் அது இருபது கிலோமீட்டர். கிராமத்து ஆண்டைக்குச் சேரி கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். நகரத்து ஆண்டைக்குச் சேரி கண்ணில் படக்கூடாது. காலை எட்டு மணிக்கு அதன் கைகள் மட்டும் வந்துசேர வேண்டும்.

‘பக்கத்தில் இடமில்லை, அதனால்தான் தூரம்’ என்பது பழைய பல்லவி. 2022 மே மாதம் இதே ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயோரக் கோவிந்தசாமி நகரை நீதிமன்ற உத்தரவோடு இடித்தார்கள். 259 வீடுகள் கணக்கு. தடுக்க முடியாத ஒரு முதியவர் தன்மீது தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். உடனே இடிப்பு நின்றது. மந்தைவெளி, மயிலாப்பூரிலேயே வீடு தருவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பும் வந்தது. அப்படியானால் இடம் இருந்திருக்கிறது! அதைக் கண்டுபிடிக்க ஓர் உயிர் எரிய வேண்டியிருந்தது.

தோழர்களே, மாற்று வீடு கொடு என்று மனு எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. ஆற்றங்கரையை அளப்பதென்றால் முழுவதையும் அளக்கச் சொல்வோம். சங்கிலியை முதலில் மதிலுக்குள்ளே இழுக்கட்டும். கிளப்பையும் பங்களாவையும் குடிசையையும் ஒரே கோலால் அளந்து, கணக்கை ஊரறிய வெளியிடட்டும். அதுவரை நம்மை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல எவனுக்கும் வாயில்லை.