அங்கீகாரம் மட்டும் போதுமா?

2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி மக்களவையில் இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்காற்று மசோதா தாக்கல் செய்யப்பட்டது. பிகார் வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தம் குறித்து விவாதிக்கக் கோரி எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பிய முழக்கங்களுக்கிடையே, அன்றைய தினமே குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் ஏறக்குறைய அதே காட்சி. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வீடு இளைஞர்களின் கையில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிய சட்டம், முறையான விவாதமே இல்லாமல் மூன்று நாள்களில் உருப்பெற்றது.

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை என்பதே அன்றைய தலைப்புச் செய்தி. அதில் வியப்பில்லை. ஆண்டுதோறும் 45 கோடி பேர் ஏறத்தாழ ரூ.20,000 கோடியை இவ்விளையாட்டுகளில் இழக்கிறார்கள் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. ஆன்லைன் ரம்மியில் பொருளையும் பின்னர் உயிரையும் இழந்தவர்களின் குடும்பங்களைத் தமிழகம் நன்கறியும். ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவை மீண்டும் நிறைவேற்றி, 2023-ல் தனிச் சட்டம் கண்ட மாநிலம் அது. ஆகவே தடையை வரவேற்போருக்கு வலுவான நியாயம் உண்டு.

ஆனால், அச்சட்டத்துக்கு மறுபாதி ஒன்று இருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்னணு விளையாட்டுப் போட்டிகளைச் சூதாட்டத்திலிருந்து பிரித்து, முறையான போட்டி விளையாட்டாக அது ஏற்கிறது. பந்தயப் பணம் இருக்கக் கூடாது. முன்கூட்டியே வகுக்கப்பட்ட விதிகள் இருக்க வேண்டும். வெற்றி தோல்வியைத் திறமை மட்டுமே தீர்மானிக்க வேண்டும் என்பவை அதற்கான இலக்கணம். நுழைவுக் கட்டணமும் பரிசுத் தொகையும் இருக்கலாம். 2022 டிசம்பரிலேயே இப்போட்டிகள் மத்திய விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. இப்போது சட்டத்தின் முத்திரையும் கிடைத்திருக்கிறது.

விளையாட்டுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதை ஆடும் அணிக்கும், அந்த அணியைக் கட்டி நடத்தும் இளைஞனுக்கும் என்ன கிடைத்திருக்கிறது என்பதே நம் கேள்வி.

செல்பேசியில் விரலை ஓட்டுவதற்கு அணி எதற்கு, தலைவன் எதற்கு என்று கேட்போர் உண்டு. நாடெங்கும் பரவலாக ஆடப்படும் பிஜிஎம்ஐ ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு நான்கு பேர். போட்டியில் பொதுவாக 16 அணிகள், 64 பேர் ஒரே களத்தில் இறங்குகிறார்கள். பாதுகாப்பான பரப்பு நேரம் ஆக ஆகச் சுருங்கிக்கொண்டே வரும். எங்கே இறங்குவது, எப்போது இடம் பெயர்வது, எந்த அணியோடு மோதுவது, எதனிடமிருந்து ஒதுங்குவது என்பதைச் சில விநாடிகளில் முடிவு செய்பவர் அணித் தலைவர். முன்சென்று தாக்குபவர் ஒருவர், தொலைவிலிருந்து குறிபார்ப்பவர் ஒருவர், துணை நிற்பவர் ஒருவர் என மற்ற மூவருக்கும் தனித்தனிப் பணி. தலைவரின் சொல்லை மற்றவர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றால்தான் அணி பிழைக்கும்.

அந்த நம்பிக்கை களத்தில் பிறப்பதில்லை. அன்றாடம் பல மணி நேரம் பிற அணிகளோடு பயிற்சி ஆட்டங்கள். அது முடிந்ததும் ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்து, யார் எங்கே தவறினார் என்ற விசாரணை. தோல்விக்குப் பிறகு ஒருவரையொருவர் குறை கூறாமல் காக்கும் பக்குவம். தேவைப்பட்டால் நெருங்கிய நண்பனையே அணியிலிருந்து நீக்கும் கடினமான முடிவு. ஒரு ஹாக்கி அணியில் பயிற்சியாளரும் மேலாளரும் உடற்பயிற்சி நிபுணரும் பகிர்ந்து சுமக்கும் பாரத்தை இங்கே பெரும்பாலும் இருபது வயது இளைஞன் ஒருவன் தனியே சுமக்கிறான்.

அப்படிப்பட்ட ஒருவரை, சட்டம் நிறைவேறிய சில வாரங்களுக்குப் பின் கிழக்கு தில்லி லட்சுமி நகரில் சந்திக்க நேர்ந்தது. பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்க வருவோர் நிறைந்த தெரு. மூன்றாவது மாடியில் ஒரு வாடகை அறை. சுவரில் ஆட்டக்களத்தின் வரைபடம், அதில் வண்ணப் பேனாக்களால் இட்ட குறிகள். அணித் தலைவருக்கு வயது 22. அணியிலேயே இளையவரான குவாலியர் சிறுவனுக்கு 17.

அச்சிறுவனின் தந்தை ஐந்து பக்க ஆங்கில ஒப்பந்தத்தில், படித்தறிய இயலாமலேயே, காப்பாளராகக் கையெழுத்திட்டிருக்கிறார். பரிசுத் தொகையில் நிறுவனத்துக்கு எவ்வளவு பங்கு, இடையில் விலகினால் யார் யாருக்குப் பணம் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தன. மாத ஊதியம் இரண்டு மாதமாக வராதபோது அந்தத் தந்தை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. அணித் தலைவரைத்தான் அழைத்தார். "என் மகனை உங்களை நம்பித்தானே அனுப்பினேன்" என்று அவர் கேட்டதற்கு, தம்மிடம் பதில் இல்லை என்றார் அந்த இளைஞர். தம் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைச் சிறுவனின் பெயரில் அனுப்பிவைத்ததைப் பிறகு தயக்கத்துடன் சொன்னார்.

அவருக்கு இது மூன்றாவது அணி. முந்தைய இரண்டும் தோல்வியால் கலையவில்லை.

2020 ஆகஸ்டில் பப்ஜி மொபைல் உலக லீகின் கிழக்கு மண்டலப் போட்டியில் ஆரஞ்ச் ராக் என்ற இந்திய அணி இரண்டாமிடம் பெற்றது. ஆசியாவின் தலைசிறந்த அணிகளுக்கு நடுவே கிடைத்த அந்த இடத்தை நாடெங்கும் இளைஞர்கள் கொண்டாடினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்வான் மோதலைத் தொடர்ந்து செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் அந்த ஆட்டமும் ஒன்று. 2021 ஜூலையில் தென்கொரிய நிறுவனமான கிராஃப்டன் அதே ஆட்டத்தை இந்தியாவுக்கென மாற்றி பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. அணிகள் மீண்டும் துளிர்த்தன. 2022 ஜூலை 28-ஆம் தேதி அதுவும் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. நிபந்தனைகளுடன் திரும்பியது 2023 மே மாதத்தில்தான். இடையில் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட செயலிகளின் பட்டியலில் ஃபிரீ ஃபயர் ஆட்டமும் இருந்தது.

நாட்டின் பாதுகாப்புக்காக எடுக்கப்படும் முடிவுகளை விளையாட்டின் பெயரால் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் பிறப்பிக்கப்படும் இத்தகைய உத்தரவுகளின் விவரங்களை, 2009-ஆம் ஆண்டின் விதிகள் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. ஏன் தடை, எத்தனை காலம் தடை என்பதை அறியும் வழி ஓர் அணிக்கு இல்லை. கால்பந்து வீரரின் களத்தை எவரும் ஓரிரவில் எடுத்துச் செல்ல முடியாது. மின்னணு விளையாட்டில் களமே தனியார் நிறுவனம் ஒன்றின் உடைமை. ஓர் அரசாணையோ, நிறுவனத்தின் ஒரு முடிவோ போதும், ஐந்தாண்டு உழைப்பு மறைந்துவிடும். "தோற்றால் பதிவைப் பார்த்து மறுநாள் திருத்திக்கொள்வோம், சார். ஆட்டமே இல்லையென்றால் எதைப் பார்ப்பது?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

இத்தனைக்கும் நடுவேதான் இந்தியர்கள் சாதித்திருக்கிறார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்னணு விளையாட்டு காட்சிப் போட்டியாக நடந்தபோது, ஹார்த்ஸ்டோன் ஆட்டத்தில் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2022-ல் பர்மிங்காமில் நடந்த முதல் காமன்வெல்த் மின்னணு விளையாட்டுப் போட்டியில், மொயின் எஜாஸ் தலைமையிலான டோட்டா 2 அணி வெண்கலம் பெற்றது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதன்முறையாக இதற்கு ஏழு பதக்கப் பிரிவுகள் ஒதுக்கப்பட்டன. அங்கே லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் நம் அணி காலிறுதியில் வியத்நாமிடம் வீழ்ந்து திரும்பியது. ஏழு தங்கங்களில் நான்கைச் சீனமும் இரண்டைத் தென்கொரியாவும் கொண்டுசென்றன.

தென்கொரியாவின் வெற்றிக்குப் பின்னால் இருப்பது விரல்களின் வேகம் மட்டுமன்று. அங்கே மின்னணு விளையாட்டுச் சங்கம் 2000-லேயே தோன்றியது. மேம்பாட்டுச் சட்டம் 2012-ல் வந்தது. 2019-ல் பதின்வயது வீரர் ஒருவர் நியாயமற்ற ஒப்பந்தத்துக்கு வற்புறுத்தப்பட்டது அம்பலமானபோது, அந்நாடு அதை ஒரு நிறுவனத்தின் தவறாக மட்டும் கருதிக் கடந்துவிடவில்லை. 2020-ல் வீரர்களுக்கான மாதிரி ஒப்பந்தங்களை அரசே வகுத்தது. சிறார்களுக்கெனத் தனி மாதிரியும் அதில் இடம்பெற்றது.

நம் சட்டத்தில் தண்டனைப் பகுதி மிகத் தெளிவாக இருக்கிறது. பணம் வைத்து ஆடும் விளையாட்டை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். மேம்பாட்டுப் பகுதியோ பயிற்சி மையங்கள், ஆராய்ச்சி, விழிப்புணர்வு, ஊக்கத் திட்டங்கள் என்று அரசு எடுக்கக்கூடிய நடவடிக்கைகளைப் பட்டியலிடுகிறது. வீரரின் ஊதியம், ஒப்பந்தம், வயது, கல்வி ஆகியவை பற்றி அதில் எதுவும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்களல்ல. முதலாவதாக, மாதிரி ஒப்பந்தம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியே இல்லை. ஆகவே சிறாரின் பெற்றோர் கையெழுத்திடும் ஆவணம் அவர்களின் தாய்மொழியிலும் இருந்தாக வேண்டும். பயிற்சி நேரத்துக்கு வரம்பும், பள்ளிப் படிப்புக்கு உறுதியும் அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, நிர்வாகத்தில் வீரர்களின் குரல். 2025 ஆகஸ்டிலேயே நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், ஒவ்வொரு சம்மேளனத்திலும் வீரர்கள் குழு வேண்டும் என்கிறது. தகராறுகளுக்குத் தீர்ப்பாயத்தையும் முன்வைக்கிறது. மின்னணு விளையாட்டுக்கு எந்த அமைப்பு அங்கீகாரம் பெற்றாலும், அதில் அணித் தலைவர்களாக இருந்தவர்கள் அமர வேண்டும். ஆட்டத்தையே அறியாதவர்கள் தேர்வுக் குழுவில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் பிற விளையாட்டுச் சம்மேளனங்களின் வரலாறு சொல்லும்.

மூன்றாவதாக, ஓர் ஆட்டத்தை முடக்க நேர்ந்தால், பதிவு பெற்ற அணிகளின் வீரர்களுக்கு இடைக்கால உதவியும் வேறு ஆட்டத்துக்கு மாறுவதற்கான அவகாசமும் வேண்டும். பாதுகாப்புக் காரணத்தை அவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. அவர்களைக் குற்றவாளிகளைப் போல் கைவிடாமல் இருந்தால் போதும்.

இவையெல்லாம் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து திசைதிருப்பாதா என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானதே. இரவெல்லாம் செல்பேசியும் கையுமாக இருக்கும் மகனைக் கண்டு கலங்காத வீடு இன்று அரிது. ஆயினும், தனிமையில் கணக்கின்றி ஆடுவதும், நேரம் வகுத்துக்கொண்டு ஒரு தலைவரின் கீழ் அணியாக ஆடுவதும் ஒன்றாகா. முறையான அணியும் பொறுப்பான பயிற்சியாளரும் இருந்தால், தனக்குத் தகுதி போதாது என்பதையும் ஒரு சிறுவன் காலத்தோடு அறிந்து படிப்புக்குத் திரும்புவான். ஆடுபவர்களில் மிகச் சிலரே தொழில்முறை வீரர்களாக முடியும் என்ற உண்மையை அவனிடம் சொல்லும் கடமையும் அணிக்கு உண்டு.

அவசர கதியில் சட்டத்தை நிறைவேற்றிய நாடாளுமன்றத்துக்குத் தவறைச் சரிசெய்யும் வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகள் இரு அவைகளிலும் வைக்கப்பட்டாக வேண்டும். திருத்தம் கோர உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. இரு அவைகளிலும் சார்நிலைச் சட்டங்களை ஆராயும் குழுக்களும் உள்ளன. விளையாட்டு அமைச்சகமும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் பொறுப்பை ஒன்றன் மேல் ஒன்று சுமத்திக்கொண்டிருக்க அக்குழுக்கள் இடம் தரக் கூடாது. தமிழக உறுப்பினர்கள் உள்பட அனைவரும் தங்கள் தொகுதி இளைஞர்களின் பொருட்டு எழுப்பத்தக்க கேள்விகள் இவை.

பதக்கம் வந்தால் விமான நிலையத்தில் மாலையுடன் காத்திருக்கப் பலர் இருப்பார்கள். ஊதியம் வராத மாதத்தில் குவாலியரிலிருந்து அழைக்கும் தந்தைக்கு, ஓர் இருபத்திரண்டு வயது இளைஞனைத் தவிரப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த அழைப்பை ஏற்கும் பொறுப்பு யாருடையது என்று விதிகள் தெளிவாகச் சொல்லும் நாளில்தான் அங்கீகாரம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.