ஆவடி – கூடுவாஞ்சேரி ரயில் பாதை

நீதிஸ்தலத்தில் டிக்ரி பெற்றவன் அதைப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் அது வெறுங் காகிதமாய்விடும் என்பது நமது காலவரையறைச் சட்டம். சென்னைக்கு மேற்கேயுள்ள ஜனங்களின் கையிலும் அத்தகைய காகிதம் ஒன்றிருக்கிறது. ஆவடி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களை இணைத்து 60 கிலோமீட்டர் புதுப் பாதை போட 2013–14-ஆம் வருஷத்து ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. அன்று முதல் இன்று வரை அப்பாதையில் ஒரு வண்டியும் ஓடியதில்லை. அனுமதி கிடைத்ததென்று மகிழ்ந்திருந்த காலம் போதும். நிறைவேற்றுமனுப் போட வேண்டிய காலம் வந்துவிட்டதென்று நாம் கருதுகிறோம்.

ரயில் என்பது இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. இந்தியாவின் முதல் ரயில் பாதையே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு 1837-இல் போடப்பட்டதுதான். அதில் சென்றவை சாலை போடுவதற்கான கற்கள். தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி மார்க்கமாக வாலாஜாவுக்குப் புறப்பட்டது 1856 ஜூலை 1-ஆம் தேதி. கல்லுக்குப் பத்தொன்பது வருஷம் பிந்தியே மனிதனுக்கு வண்டி கிடைத்தது. அந்த வரிசை இன்றும் மாறவில்லை என்பதே நமது விசனம்.

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தபோது, அவற்றின் அருகே இருப்புப் பாதை முன்னமே இருந்தது. 1990-களுக்குப் பின் தொழில்கள் பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று மேற்கேயும் தெற்கேயும் பரவின. தொழில் போன வழியே ரயில் போகவில்லை. ஆவடியிலிருக்கும் ஒருவர் இன்று கூடுவாஞ்சேரிக்கு ரயிலில் போக விரும்பினால், முதலில் கிழக்கே சென்ட்ரலுக்கு வந்து, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் வேறு வண்டி ஏறி, மறுபடி தெற்கே போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கோ ரயிலே கிடையாது.

இதனால் விளையும் கஷ்டம் பிரயாணக் கஷ்டம் மாத்திரமன்று. தினந்தோறும் வீட்டிலிருந்து போய்வர வழியில்லாத ஊரில், தொழிலாளி ஆலையின் பஸ்ஸையும் விடுதியையும் நம்பி வாழ வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள விடுதியொன்றில் கெட்ட உணவை உண்டு பெண் தொழிலாளர் பலர் நோயுற்றதும், அவர்களுடைய தோழிகள் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் மறியல் செய்ததும் நாடறிந்தவை. ரயில் வந்தால் விடுதியின் கேடுகளெல்லாம் நீங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் சுதந்திரம் உள்ளவருக்குக் கெட்ட சோற்றை மறுக்கும் சுதந்திரமும் உண்டு.

சரக்கின் விஷயத்தில் சர்க்கார் இவ்வளவு மெத்தனமாக இல்லை. திருவள்ளூர் ஜில்லா மப்பேட்டில் பெரியதொரு சரக்குப் பூங்காவுக்கு 2022 மே 26-ஆம் தேதி பிரதம மந்திரி அடிக்கல் நாட்டினார். கடம்பத்தூரிலிருந்து அதற்கு ரயில் இணைப்பும் அத்திட்டத்தில் அடங்கியிருக்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் இதில் ஓர் அபாயமும் உண்டு. இந்திய ரயில்வேயில் சரக்கின் வருமானத்தைக் கொண்டே பிரயாணிகள் வண்டியின் நஷ்டம் ஈடு செய்யப்படுகிறது. மோட்டார் வண்டிகளும் இயந்திரங்களும் மலையாய்க் குவியும் இம்மார்க்கத்தில், ஆவடிப் பாதையைத் தாங்கவல்லது அச்சரக்குதான். சரக்கைத் தனிக்கிளைகளில் பிரித்துக்கொண்டு போய்விட்டு, பின்னர் ஒருநாள், "பிரயாணிகளை மட்டும் ஏற்றினால் கட்டுப்படியாகாது" என்று கணக்குக் காட்டுவார்களானால், அந்தக் கணக்கு அவர்களே உண்டாக்கிய கணக்காகும். ஆகவே சரக்கும் ஜனங்களும் ஒரே பாதையில் செல்ல வேண்டுமென்பதே நமது கோரிக்கையின் உயிர்.

மெட்ரோ போதாதா என்று சிலர் கேட்கலாம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் மெட்ரோ திட்டம் நகரத்துக்குப் பெரும் நன்மையே. ஆனால் அது கிழக்கு மேற்காகச் செல்வது. ஆவடியையும் கூடுவாஞ்சேரியையும் இணைக்க அதனால் ஆகாது. ஒரு மூட்டைச் சரக்கையும் அது ஏற்றாது.

கேட்டால் கிடைக்குமா என்று சோர்வடைவோர் தேனி ஜில்லாவைப் பார்க்கட்டும். 1928-இல் திறக்கப்பட்ட மதுரை – போடி பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் இறுதியில் மூடப்பட்டது. வருஷங்கள் பல சென்றும் அவ்வூரார் ஓயவில்லை. மப்பேட்டுக்கு அடிக்கல் நாட்டிய அதே நாளில், அதே மேடையிலிருந்து, தேனிக்கு ரயில் திரும்பிற்று. 2023 ஜூனில் போடியையும் அடைந்தது. அவர்கள் இழந்ததைத் திரும்பக் கேட்டார்கள். நாம் வாக்களிக்கப்பட்டதைக் கேட்கிறோம்.

கேட்பவர் ஒன்றுபட்டிருப்பது அவசியம். இப்பாதை திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சீபுரம் ஆகிய மூன்று பார்லிமெண்டுத் தொகுதிகளைத் தொடுகிறது. மூவருக்குப் பொதுவான பொறுப்பு ஒருவருக்கும் பொறுப்பில்லாமல் போவது உலக வழக்கம். ஆவடி மாநகராட்சியும், பூந்தமல்லி நகராட்சியும், வழியிலுள்ள ஊராட்சிகளும், தொழிலாளர் சங்கங்களும், ஆலைக்காரர்களும் சேர்ந்து ஒரே கமிட்டியாக நின்று, மூன்று அங்கத்தினர்களையும் ஒரே மகஜரில் கையொப்பமிடச் செய்ய வேண்டும். மத்திய சர்க்கார் பணத்தையும், மாகாண சர்க்கார் நிலத்தையும் எந்தத் தேதிக்குள் தருவார்களென்று அம்மகஜர் கேட்கட்டும். தமிழ்நாட்டின் புதுப் பாதைகள் பலவற்றுக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய பட்ஜெட்டுகளையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு தண்டவாளமும் வாராது. தேதியும் தொகையும் இல்லாத வாக்குறுதியை இனி எவரும் மாலையிட்டு வரவேற்க வேண்டாம்.