ஹுர்ரெம் ஜெயித்தாள், சரி. மற்றவர்கள்?

ஒட்டோமான் அந்தப்புரம் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று பழசு: மெத்தையில் சாய்ந்து கிடக்கும் நிர்வாணப் பெண். 1814-ல் அவளை வரைந்த ஆங்ர் துருக்கிப் பக்கமே போனதில்லை. அதை இன்று யாரும் நம்புவதில்லை. இரண்டாவது கதை புதுசு, அதனால் ஆபத்தானது. 2011-ல் தொடங்கிய துருக்கித் தொடருக்குப் பிறகு, சுலைமானின் மனைவி ஹுர்ரெம் ரீல்ஸ்களின் ராணி. அடிமையாக வந்தாள், பேரரசையே ஆட்டி வைத்தாள், என்ன ஒரு பெண்!

வந்தாளா? அவளா வந்தா?

சுதந்திரமான முஸ்லிமையோ, பேரரசின் பாதுகாப்பிலிருந்த கிறிஸ்தவ, யூதக் குடிகளையோ அடிமையாக்க சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் ‘சரக்கு’ எல்லைக்கு வெளியிலிருந்து வந்தது. கிரிமியத் தாத்தார்கள் இன்றைய உக்ரைன் பகுதிகளில் புகுந்து ஆள் பிடித்து, கஃபா துறைமுகத்தில் விற்றார்கள். ஹுர்ரெமும் அந்தப் பக்கத்துப் பெண்தான். பிற்காலத்தில் காக்கேசியாவிலிருந்து சர்க்காசிய, ஜார்ஜியப் பெண்கள் வந்தார்கள். அரண்மனைக்குள் நுழைந்ததும் பிறந்த பெயர் போய்விடும். பாரசீகத்தில் ஒரு புதுப்பெயர். ஹுர்ரெம் என்றால் மகிழ்ச்சியானவள். ஒருத்தியை விலைக்கு வாங்கி, நீ மகிழ்ச்சியானவள் என்று பெயரும் வைக்கிறார்கள்.

“முன்னேற வழி இருந்ததே?” என்பார்கள். இருந்தது. எஜமானருக்குப் பிள்ளை பெற்றவளை விற்க முடியாது, அவர் இறந்தால் அவளுக்கு விடுதலை. பலரைச் சில வருட வேலைக்குப் பின் விடுவித்து, அதிகாரிகளுக்குக் கட்டியும் வைத்தார்கள். ஆனால் ஹுர்ரெமின் படி நாளுக்கு 2000 அக்சே. கீழ்நிலைப் பணிப்பெண்ணுக்குச் சில அக்சே. துணி துவைத்தவளுக்கு யாரும் தொடர் எடுக்கவில்லை. ஐடியில் இதற்கு சர்வைவர்ஷிப் பயஸ் என்று பெயர்: தப்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, பாதை நல்ல பாதைதான் என்று சொல்வது. உச்சிக்குப் போன கோசெம் கதையாவது நல்லா முடிஞ்சதா? 1651-ல் அரண்மனைக்குள்ளேயே கொன்றார்கள். கொன்ற கோஷ்டி, அவளைப் போலவே அடிமையாக வந்த மருமகள் துர்ஹானுடையது.

1909-ல் இரண்டாம் அப்துல்ஹமீது பதவியிழந்தபின் அந்தப்புரம் கலைக்கப்பட்டது. உங்கள் பெண்களை வந்து அழைத்துப் போங்கள் என்று சர்க்காசியக் கிராமங்களுக்குத் தகவல் போனது. சிலருக்கு ஆள் வந்தது. சிலருக்கு யாருமே வரவில்லை.

ஹுர்ரெமின் திறமையை நான் மறுக்கவில்லை. அந்தத் திறமையைக் காட்டி, அவளை விற்ற சந்தைக்கு வெள்ளையடிக்காதீங்க என்கிறேன்.