கோட்டையைக் காட்டி வீடு விற்பனை! கிணற்றைக் காட்டத் தயக்கம்!

வேலூர் - ஆம்பூர் வட்டாரத்தில் வாங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில், தண்ணீர் இல்லாத ஆறு" என்பார்கள்.

கோவிலுக்குச் சாமி வந்து விட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோவிலில் 1981-ம் ஆண்டு மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டது. பூஜையும் நடந்து வருகிறது. கோட்டைக்கு இனி ராஜா தேவை இல்லை. மிச்சம் இருப்பது தண்ணீர்தான். வீடு, மனை வாங்குகிறவர்கள் கோட்டை விடுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஊர் பேருக்கும் ஒரு விலை

வீடு விற்கிறவர்கள் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் மட்டும் விலை சொல்வது இல்லை. ஊர் பேருக்கும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். இந்த வட்டாரத்தில் அதற்குச் சரக்கும் நிறைய இருக்கிறது.

வேலூர் என்றால் 1806-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் கிளம்பிய கோட்டை. 1900-ம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்து, இன்று நாடு முழுவதும் இருந்து நோயாளிகள் வரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஆம்பூர் என்றால் 1749-ம் ஆண்டு ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் போரில் மாண்ட இடம். பிரியாணிக்கும் ஷூவுக்கும் பேர் போன ஊர். வாணியம்பாடியில் 1919-ம் ஆண்டு ஆரம்பித்த இஸ்லாமியா கல்லூரி. வாலாஜா ரோட்டில், 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் பாதை வந்து சேர்ந்த ஸ்டேஷன்.

அடுத்தது அக்கம்பக்கம். "பக்கத்துலயே பள்ளிவாசல், நாலு வீடு தள்ளி மாரியம்மன் கோவில். எல்லாரும் மாமன் மச்சான் மாதிரி பழகுற தெரு அண்ணே! இந்த மாதிரி இடம் கிடைக்காது!" இது புரோக்கர் பேசும் பாணி.

இதில் பொய் ஒன்றும் இல்லை. தமிழும் உருதும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும் ஊர்கள்தான் இவை. ஆனால் "தண்ணி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சுருங்கி விடும். "காவிரி பைப் இருக்கு அண்ணே" என்பதோடு முடிந்து விடும்.

பாலாற்றங்கரைக்குக் காவிரி ஏன்?

மேட்டூரில் இருந்து குழாய் வழியாகக் காவிரித் தண்ணீர் வருவது இந்த வட்டாரத்துக்குப் பெரிய உதவி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பாலாற்றங்கரை ஊருக்குக் காவிரியில் இருந்து ஏன் தண்ணீர் வரவேண்டும்? வாங்குகிறவர் அங்கேதான் யோசிக்க வேண்டும்.

ஆற்றில் வரத்து குறைந்தது ஒரு காரணம். மணலை வாரிக் கொண்டு போனது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம், தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பைக் கழுவி வெளியே விட வேண்டும். ஒரு கிலோ தோல் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுத் தோல், ஷூ என்று தொழில் வளர்ந்தது. ஏராளமானவர்களுக்கு வேலை கிடைத்தது. கூடவே குரோமியம் உபயோகமும் பெருகியது.

பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் முன்பே மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஒரு நாளில் போய் விடாது.

சுப்ரீம் கோர்ட்டு எழுதிய சரித்திரம்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்சு தீர்ப்புக் கூறியது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிர் செய்ய லாயக்கு இல்லாமல் போய் விட்டதாக ஒரு ஆய்வு சொன்னதை அந்தத் தீர்ப்பு எடுத்துக் காட்டியது. "கெடுத்தவரே பணம் கட்ட வேண்டும்" என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்றும் கூறியது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது.

அதன்பிறகு அமைக்கப்பட்ட ஆணையம், 2001-ம் ஆண்டு 29 ஆயிரம் பேருக்கு மேல் நஷ்டஈடு தர உத்தரவிட்டது. மொத்தத் தொகை 26 கோடி ரூபாய்க்கு மேல். அது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. பாக்கி உள்ளவர்களுக்கு 6 வாரத்தில் தமிழக அரசு பணம் கொடுத்து விட்டு, கெடுத்தவர்களிடம் வசூல் செய்து கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதுவும் இந்த ஊர்ச் சரித்திரம்தான். 1806-ஐச் சொல்லி விற்கிறவர்கள் 1996-ஐ மட்டும் விழுங்கி விடுகிறார்கள். 2019-ம் ஆண்டு வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. மாவட்டம் மூன்றானாலும் ஆறு ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு. சொத்தில் ஒரு பெரிய குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் வாய்திறந்து சொல்லியே ஆக வேண்டும்.

இதில் 'சாதாரண கவனம்' என்ற வார்த்தைதான் முக்கியம். உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்தாலே தெரிந்து விடும். குடித்துப் பார்க்காமல் பத்திரம் முடித்து விட்டுக் கோர்ட்டுக்குப் போனால், "நீங்க ஏன் பார்க்கலை?" என்ற கேள்வி வரும். ஆனால் குரோமியம் நாக்குக்குத் தெரியாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

புதிய லே-அவுட், அடுக்குமாடி என்றால் 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறது. பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு நஷ்டஈடு உண்டு. வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணம் வட்டியோடு திரும்ப வரும். பழைய வீட்டை ஒருவரிடம் இருந்து நேரடியாக வாங்குகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

விற்பவர் பாடும் திண்டாட்டம்தான்

விற்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிணற்றைக் கெடுத்தது அவர் இல்லை. அப்பா வெட்டிய கிணறு, யாரோ விட்ட கழிவு. மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கப் போனால், "தண்ணி சரியில்லையே" என்று விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். அப்படிக் குறைகிற பணத்தைக் கெடுத்தவர் யாரும் தேடி வந்து கொடுப்பதும் இல்லை. உண்மையைச் சொல்கிறவர்தான் நஷ்டப்படுகிறார்.

ஆனால் மூடி மறைத்தால் நஷ்டம் தீர்ந்து விடாது. ஆள் மாறுகிறது, அவ்வளவுதான். 20 வருஷத் தவணையில் பாங்கிக் கடன் வாங்கிய குமாஸ்தா தலையில் விடிகிறது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்துச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பெண்ணின் தலையில் விடிகிறது. அது மட்டும் அல்ல. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஊரே சொன்னால், நாளைக்கு நஷ்டஈடு கேட்க யாருக்கு வாய் வரும்? உண்மையைச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால், அந்தக் குறைந்த விலையே ஒரு சாட்சி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு...

பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்க வேண்டியதுதான். அதோடு இதையும் செய்யலாம்.

கிணற்றிலோ போரிலோ ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்தால் பரிசோதித்துத் தருவார்கள். ஒரு லிட்டரில் கரைந்த உப்புக்கள் 500 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2 ஆயிரம் வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. குரோமியம் 0.05 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. குரோமியத்தையும் பார்க்கும்படி தனியாகக் கேட்க வேண்டும்.

வீட்டை மழைக்காலத்தில் மட்டும் பார்த்து விட்டு வரக்கூடாது. சித்திரை, வைகாசியிலும் ஒரு நடை போய் வர வேண்டும். புரோக்கர் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "அக்கா, கிணத்துத் தண்ணியில பருப்பு வேகுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பாதி விஷயம் அங்கேயே தெரிந்து விடும்.

விற்பவரும் விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்கலாம். "காவிரிக் குழாய் உண்டு. கிணற்றுத் தண்ணீர் துவைக்க மட்டும்." விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் வாங்கியவர் வக்கீல் நோட்டீசோடு திரும்பி வரமாட்டார்.